எரவாடாவில் பன்னிரண்டு நிமிடங்கள்

"எப்படா அம்பேத்கர் வருவாரு?"

ஹாஸ்டல் அறையில் ஒரே ஒரு லேப்டாப். அதன் முன்னால் ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ பார்த்துக்கொண்டிருந்தோம். அக்டோபர் 2, கல்லூரி விடுமுறை, வேறு வேலை இல்லை. தண்டி யாத்திரை முடிந்துவிட்டது. தாராசனாவில் வரிசை வரிசையாக வந்து அடி வாங்கி விழுந்தார்கள். வைஸ்ராயைப் பார்த்தாகிவிட்டது. லண்டனுக்கும் போய்வந்தாகிவிட்டது. அப்போதுதான் சுவரில் சாய்ந்திருந்த நண்பன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "இரு, இப்ப வருவாரு" என்றேன். நம்பித்தான் சொன்னேன். வட்டமேசை மாநாட்டுக்குப் பிறகு 1932 என்று ஒரு வருடம் இருக்கிறதே.

படம் 3 மணி 11 நிமிடம். அம்பேத்கர் வரவில்லை. கூட்டத்தில் ஒரு முகமாகக்கூட வரவில்லை, யாரும் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அஸ்தி ஆற்றில் கரைந்து எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் அவன் எழுந்து வெளியே போனான். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் என்னவோ நானே எடிட்டிங்கில் வெட்டியதுபோல வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு இந்தப் படத்தை நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். வெறுத்துக்கொண்டு பார்க்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, பெரிய படம். 1983 ஏப்ரலில் 11 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு 8 ஆஸ்கர் வாங்கியது. ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’யைத் தோற்கடித்துத்தான் சிறந்த படம் ஆனது. பானு அத்தையா வழியாக இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் வந்ததும் இந்தப் படத்தால்தான். இறுதி ஊர்வலக் காட்சிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்து நின்றார்கள், கம்ப்யூட்டரில் கூட்டத்தைப் பெருக்காத காலம் அது. பென் கிங்ஸ்லி நடக்கும் விதம், சிரிப்பு, வயதாக ஆக அவர் உடம்பு சுருங்கும் விதம் எல்லாவற்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எனக்குப் படம் கையை விட்டுப் போய்விடுகிறது. உப்பு சத்தியாகிரகம் வரை ஒரு மனிதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்குப் பிறகு ஒரு சிலையைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். நண்பனின் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று புரிய எனக்குச் சில வருடம் ஆனது.

ஆரம்பத்தில் என் புகார், எல்லாரும் வைக்கும் புகார்தான்: முக்கியமான ஆளை விட்டுவிட்டார்கள். அது பலவீனமான புகார். மூன்று மணி நேரத்தில் யாரையாவது விடத்தான் வேண்டும். படம் வந்த புதிதிலேயே சல்மான் ருஷ்டி, போஸ் எங்கே, நேருவை ஏன் வெறும் சீடனாகச் சுருக்கினீர்கள் என்று கேட்டுவிட்டார். ஒரு முழு வாழ்க்கையை ஒரே கதையில் அடக்க முடியாது என்று படமே முதலில் ஒரு அட்டை போட்டுத் தப்பித்துக்கொள்கிறது. நியாயம்தான். சினிமா பாடப்புத்தகம் அல்ல, பெயர் விட்டுப்போனதற்கு மார்க் குறைக்க முடியாது.

என் இப்போதைய புகார் வேறு. அம்பேத்கரை விட்டதால் படத்துக்குக் காந்தியே கிடைக்காமல் போய்விட்டார்.

படத்தில் காந்தியை எதிர்க்கிறவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரயிலிலிருந்து தள்ளும் வெள்ளைக்காரர்கள். ஸ்மட்ஸ். சம்பாரணின் அவுரித் தோட்ட முதலாளிகள். ஜாலியன்வாலா பாக்கில் சுட உத்தரவிடும் டயர். இர்வின் பிரபு. கடைசியில் கோட்டு சூட்டும் கல் முகமுமாக ஜின்னா. ஜின்னாவை அப்படி வரைந்ததே தனியாகப் பேச வேண்டிய விஷயம், இப்போது வேண்டாம். இவர்கள் எல்லாரும், படத்தின் கணக்கில், தப்பான பக்கத்தில் நிற்பவர்கள். எதிரே நிற்பவன் தப்பு என்று தெரிந்துவிட்டால் பார்வையாளனுக்கு வேலை இல்லை. காந்தி எப்போது ஜெயிப்பார் என்று காத்திருந்தால் போதும். நியாயம் கையில் இருக்கும் ஒருவர்கூட மூன்று மணி நேரத்தில் அவரை எதிர்த்து நிற்பதில்லை.

ஒரு இடம் தவிர. தென்னாப்பிரிக்க ஆசிரமத்தில் கழிவறை சுத்தம் செய்ய வேண்டிய முறை கஸ்தூர்பாவுக்கு வருகிறது. அது தீண்டப்படாதவர்களின் வேலை, நான் செய்யமாட்டேன் என்கிறார். காந்திக்குக் கோபம் தலைக்கேறி, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளப் பார்க்கிறார். பிறகு தன் செய்கை உறைத்துக் கூனிப்போகிறார். கொள்கை காந்தியிடம் சரி, நடத்தையில் கஸ்தூர்பா சரி. இரண்டு நியாயம் மோதும் அந்த மூன்று நிமிடம்தான் எனக்கு இந்தப் படத்தின் உச்சம். ஜான் பிரைலிக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சி. சத்திய சோதனையில் காந்தியே எழுதிய சம்பவம் அது. 1898 வாக்கில் டர்பனில், அவருடைய வீட்டில் நடந்தது. வீட்டில் அவருடைய அலுவலக குமாஸ்தாக்களும் தங்குவார்கள், அறைகளில் இரவுக்கு மூத்திரச் சட்டி வைத்திருப்பார்கள். குமாஸ்தாக்களில் ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைக் கழுவத்தான் கஸ்தூர்பா முகம் சுளித்தார். புத்தகத்தில், அந்த வீட்டில், ரத்தமும் சதையுமாக ஒரு தலித் இருக்கிறார். படத்தில் சம்பவம் ஆசிரமத்துக்கு மாறுகிறது, குமாஸ்தா மறைந்துபோகிறார், ‘தீண்டப்படாதவர் வேலை’ என்ற வார்த்தை மட்டும் மிச்சம். வேலை இருக்கிறது, ஆள் இல்லை. முழுப் படமும் தீண்டாமையை இப்படித்தான் கையாள்கிறது. காந்தியின் நல்ல மனசைக் காட்ட ஒரு விஷயமாக அது வந்து போகிறது. அதை அனுபவித்த யாரும் வாய் திறப்பதில்லை.

இனி 1932.

பள்ளியில் இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தது நினைவிருக்கலாம்: பூனா ஒப்பந்தம், காந்தி – அம்பேத்கர். அந்த இரண்டு மார்க்குக்குள் என்ன இருந்தது என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதைவிட நல்ல திரைக்கதையை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது.

1931 ஆகஸ்டில் இருவரும் பம்பாய் மணிபவனில் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். சந்திப்பு நன்றாகப் போகவில்லை. எனக்குத் தாய்நாடே இல்லை என்ற பொருளில் அம்பேத்கர் பேசுகிறார். காந்தி அதுவரை அம்பேத்கரை, தீண்டப்படாதவர்கள்மேல் அக்கறை கொண்ட ஒரு பிராமணர் என்று நினைத்திருந்தாராம், மகாதேவ் தேசாய் நாட்குறிப்பில் இருக்கிறது. (இதை ஒரு காமெடி சீனாகவே எடுக்கலாம், சிரிப்பு தொண்டையில் நிற்கும்.) லண்டனில் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் மோதல் பகிரங்கமாகிறது. தீண்டப்படாதவர்களின் பிரதிநிதி நான் என்கிறார் காந்தி. அதை எதிர்த்து அம்பேத்கரும் நம்ம ஊர் இரட்டைமலை சீனிவாசனும் அதே மாநாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு வெளியாகிறது. தாழ்த்தப்பட்டோருக்கு மாகாண சபைகளில் 71 இடங்கள். முக்கியம் எண்ணிக்கை அல்ல. அந்த இடங்களுக்கு அவர்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள், அதோடு பொதுத் தொகுதியிலும் இன்னொரு ஓட்டு. இன்றைக்கு நாம் சொல்லும் ரிசர்வ் தொகுதி அல்ல இது. ரிசர்வ் தொகுதியில் வேட்பாளர் தலித், ஆனால் ஓட்டுப் போடுவது ஊர் முழுக்க. ஊருக்குப் பிடித்த தலித்துதான் ஜெயிக்க முடியும். அம்பேத்கர் கேட்டது, சேரி தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி. எரவாடா சிறையிலிருந்த காந்திக்கு இது இந்து சமூகத்தை இரண்டாகப் பிளப்பது. சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவிக்கிறார். செப்டம்பர் 20, நண்பகலில் தொடங்குகிறது.

அம்பேத்கருக்கு அப்போது 41 வயது. காந்திக்கு 63 ஆக இரண்டு வாரம் பாக்கி. சிறை முற்றத்து மாமரத்தடியில் கட்டில். சபர்மதி சிறையிலிருந்து கஸ்தூர்பாவைக் கூட்டிவருகிறார்கள். நாடெங்கும் கோயில்களும் கிணறுகளும் திறக்கப்படுவதாகச் செய்திகள் வருகின்றன. மறுபக்கம், இந்த மனிதர் செத்துப்போனால் கிராமம் கிராமமாகப் பழி யார் தலையில் விடியும் என்பது அம்பேத்கருக்குத் தெரியும். ஊருக்கு வெளியே குடிசை போட்டிருப்பவர்கள் தலையில். காந்தியின் உயிரும் அந்தக் குடிசைகளும் ஒரே தராசில் இருக்கின்றன. செப்டம்பர் 22 அன்று அம்பேத்கர் சிறைக்குப் போய்க் கட்டிலருகே பேசுகிறார். பேரம் நடக்கிறது. ஆமாம், பேரம்தான், அந்த வார்த்தையில் கேவலம் ஒன்றும் இல்லை. எத்தனை இடம், எத்தனை வருடம். இந்த ஏற்பாடு தொடர வேண்டுமா என்று தாழ்த்தப்பட்டோரிடமே வாக்கெடுப்பு நடத்தப் பத்து வருடம் கழியட்டும் என்கிறது ஒரு தரப்பு. ஐந்து வருடம், இல்லையென்றால் என் உயிர் என்கிறார் காந்தி. கடைசியில் வாக்கெடுப்பே கைவிடப்படுகிறது. தனி வாக்காளர் தொகுதி போகிறது, இடங்கள் 71லிருந்து 148 ஆகின்றன, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. செப்டம்பர் 24 அன்று கையெழுத்து. 26ஆம் தேதி லண்டன் சம்மதம் வந்தபின், தாகூர் பாட, கஸ்தூர்பா கையால் காந்தி பழச்சாறு குடிக்கிறார்.

இந்த ஆறு நாளைப் படம் ஒரு வரியில்கூடத் தொடவில்லை. இத்தனைக்கும் அட்டன்பரோவை இந்தப் படத்துக்குள் இழுத்ததே லூயி ஃபிஷர் எழுதிய வாழ்க்கை வரலாறுதான். 1962இல் மோதிலால் கோத்தாரி என்ற லண்டன்வாழ் இந்தியர் அந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னதில் ஆரம்பித்தது அவருடைய இருபது வருடப் பைத்தியம். ஃபிஷர் இந்த உண்ணாவிரதத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார், அம்பேத்கரோடு சேர்த்து. புத்தகத்தில் இருந்தது திரையில் இல்லை.

இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படத்தில் காந்தி உண்ணாவிரதம் இருக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். சௌரி சௌராவுக்குப் பிறகு, வன்முறையை நிறுத்த. 1947 கல்கத்தாவில், கலவரத்தை நிறுத்த. இரண்டிலும் நம் மனசு முழுக்க அவர் பக்கம். எரவாடாவில் மட்டும் மனசு இரண்டாகும். அதே மெலிந்த உடல், அதே கட்டில், அதே அழுகிற மகன். ஆனால் எதிரே நிற்பவர் வெள்ளைக்காரரோ கத்தி ஏந்திய கலவரக்காரரோ இல்லை, காலங்காலமாகத் தண்ணீர் மறுக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர். அகிம்சை என்று மூன்று மணி நேரமாக நாம் பார்த்துப் பழகிய ஆயுதம், அந்த ஒரு காட்சியில் யார் கழுத்தில் இருக்கிறது? கேள்வியைப் படம் கேட்டால் போதும், பதில் சொல்லத் தேவையில்லை. கஸ்தூர்பா காட்சியில் கூனிப்போன அந்த மனிதன் திரும்ப வந்திருப்பான்.

குறை சொல்வது சுலபம், எப்படி எடுப்பது என்று சொல் என்பீர்கள். சொல்கிறேன். பன்னிரண்டு நிமிடம் கொடுங்கள்.

அதற்கு ஒரு சாட்சி வேண்டும். அட்டன்பரோ இதில் கெட்டிக்காரர், காந்தியை எப்போதும் யாராவது ஒருவர் கண் வழியாகத்தான் காட்டுகிறார். சிக்கல், அந்தக் கண்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கண்கள்: பாதிரியார் ஆண்ட்ரூஸ், நிருபர் வாக்கர், மீராபென், புகைப்படக்காரர் மார்கரெட் போர்க்-வொயிட். மேற்கத்திய ரசிகனுக்குக் கதவு வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் சரித்திரம் அவருக்கு இன்னொரு கதவைச் சும்மாவே திறந்து வைத்திருந்தது. இரட்டைமலை சீனிவாசன். 1859இல் பிறந்தவர், காந்தியைவிடப் பத்து வயது மூத்தவர். 1893இல், அதாவது காந்தியை ரயிலிலிருந்து தள்ளிய அதே வருடம், சென்னையில் ‘பறையன்’ என்று பத்திரிகை ஆரம்பித்தவர். பிறகு தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். காந்தி அங்கே வக்கீல். கடைசியில் இருவரும் 1931 லண்டனில் மேசைக்கு எதிரெதிர்ப் பக்கம், 1932இல் ஒரே ஒப்பந்தத்தின் இரு முனை.

ஒரு எழுத்தாளன் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் தற்செயல் கொஞ்சம் ஓவர் என்று வெட்டியிருப்பார்கள். படத்தின் முதல் பகுதியில், தென்னாப்பிரிக்க நீதிமன்ற வராண்டாவில், தலைப்பாகையோடு ஒருவர் காந்தியைத் தாண்டிப் போகட்டும். பெயர்கூடச் சொல்ல வேண்டாம். ஒன்றரை மணி நேரம் கழித்து லண்டனில் அதே முகம், வெளுத்த மீசையோடு, இப்போது அம்பேத்கருக்குப் பக்கத்தில். பார்வையாளன் நிமிர்ந்து உட்கார இது போதும்.

அடுத்து, தண்டி யாத்திரையில் ஒரு சின்ன வெட்டு. யாத்திரை கிளம்பியது 1930 மார்ச் 12. அதற்குப் பத்து நாள் முன்னால், மார்ச் 2 அன்று, நாசிக்கில் காளாராம் கோயிலுக்குள் நுழைய அம்பேத்கரின் ஆட்கள் சத்தியாகிரகம் தொடங்கியிருந்தார்கள். அதே மாதம், அதே ஆயுதம், அடைத்த கதவு மட்டும் வேறு. கடலை நோக்கி நடக்கும் கால்களுக்கு நடுவே, மூடிய கோயில் கதவின் முன் உட்கார்ந்திருக்கும் கால்கள். பத்து விநாடி. வசனம் கிடையாது.

மீதி எல்லாம் எரவாடாவில். கூட்டம் வேண்டாம், மூன்று லட்சம் பேர் வேண்டாம். மாமரம், கட்டில், நாற்காலி. எண்களைப் பற்றிப் பேசும் இரண்டு வக்கீல்கள், ஒருவர் படுத்திருக்கிறார். பக்கத்தில் எம்.சி. ராஜா. கூட்டுத் தொகுதியே போதும் என்று மூஞ்சேயோடு ஏற்கெனவே உடன்பாடு செய்து காந்தி பக்கம் நின்றவர், பின்னாளில் அந்த முடிவில் கசந்துபோனவர். அவரும் தலித்தான், அவரும் சென்னைக்காரர்தான். தாழ்த்தப்பட்டோர் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதைக் காட்ட அவர் வேண்டும். பாலு பல்வாங்கரும் இருக்கிறார், 1911இல் இங்கிலாந்து போய்ப் பந்து வீசிய சுழற்பந்து வீச்சாளர், அவருடைய கையெழுத்தும் ஒப்பந்தத்தில் உண்டு. எனக்கு அவர்மேல் தனி ஆசை, ஆனால் பன்னிரண்டு நிமிடத்தில் அவருக்கு இடமில்லை. நானும் ஆளை வெட்ட ஆரம்பித்துவிட்டேன் பாருங்கள்.

நேரத்துக்கு எங்கே போவது? போர்க்-வொயிட் வரும் காட்சிகளைப் பாதியாக்கலாம். மவுண்ட்பேட்டன் வந்து இறங்கும் ஆடம்பரத்தில் கொஞ்சம். ரயில் கூரை மேலிருந்து இந்தியாவைச் சுற்றிக் காட்டும் அழகில் கொஞ்சம். யாரும் அழமாட்டார்கள்.

1982இல் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. படத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்கு இந்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணம். ஆட்சியில் காங்கிரஸ். அரசுக்குள் இதைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று கற்பனை செய்ய நான் தயாரில்லை. அட்டன்பரோமீது மட்டும் பழி போடவும் முடியாது, ஏனென்றால் அன்றைய இந்தியாவே அம்பேத்கரை ஃபிரேமுக்கு வெளியேதான் வைத்திருந்தது. பாரத ரத்னா கொடுத்தது 1990இல். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வைக்கிறோம் என்று 1978இல் சொன்னதற்கே தலித் குடிசைகள் எரிந்தன. அதைவிட ஒரு தேதி என்னை விடமாட்டேன் என்கிறது. ‘காந்தி’ படப்பிடிப்பு நடந்தது 1980 நவம்பர் முதல் 1981 மே வரை. அதன் நடுவில், 1981 பிப்ரவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் சாதிக் கொடுமை தாங்காமல் இஸ்லாத்துக்கு மாறினார்கள். தில்லியே பதறியது. வடக்கே காந்தியின் நிழல் கேமரா முன்னால் நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில், எரவாடாவில் முடித்துவைத்ததாக நினைத்த கேள்வி தென்காசிப் பக்கத்தில் மறுபடி எழுந்து நின்றது.

அப்புறம் ஜப்பார் படேலின் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ வந்தது, மம்மூட்டிக்குத் தேசிய விருதும் வந்தது. அதில் பூனா ஒப்பந்தம் இருக்கிறது, காந்தியும் இருக்கிறார். தமிழ் பேசிக்கொண்டு அது நம் திரையரங்குக்கு வந்தபோது 2010 முடியப் போகிறது, வந்த வேகத்தில் போயும்விட்டது. அந்தப் படம் இருக்கிறதே, இது எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தப் படத்தில் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். ‘காந்தி’யில் மேசையே இல்லை. காந்தியை மூன்று மணி நேரம் நேசிக்கவைத்த பிறகு அவரை எதிர்க்கும் நியாயத்தைக் காட்டுவதற்கு ஒரு வலி உண்டு. அதை அந்தப் படம் மட்டும்தான் செய்திருக்க முடியும்.

1963இல் அட்டன்பரோ நேருவைப் பார்க்கப் போனபோது, காந்தியைத் தெய்வமாக்கிவிடாதீர்கள், அதற்கு மேற்பட்ட பெரிய மனிதர் அவர் என்ற பொருளில் நேரு சொன்னதாக அட்டன்பரோவே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். படத்தைக் கோத்தாரிக்கும் மவுண்ட்பேட்டனுக்கும் நேருவுக்கும் சமர்ப்பிக்கவும் செய்தார்.

பன்னிரண்டு நிமிடத்தின் கடைசி ஷாட் என்னிடம் தயாராக இருக்கிறது. செப்டம்பர் 24. கையெழுத்து முடிந்ததும் சந்தோஷம் தாங்காமல் ராஜாஜி தன் பேனாவை அம்பேத்கரிடம் கொடுத்துவிட்டு அவருடைய பேனாவை வாங்கிக்கொண்டார். தனஞ்சய் கீர் எழுதிய அம்பேத்கர் வரலாற்றில் இருக்கிறது. கேமரா ராஜாஜியின் சிரிப்பில் நிற்க வேண்டாம். மாறி வந்த பேனாவைச் சட்டைப் பையில் செருகும் அந்த 41 வயதுக்காரரின் கையோடு போகட்டும். அவர் சிறைக் கதவைத் தாண்டி வெளியே வரும்வரை வெட்டாமல் ஓடட்டும். அதற்குப் பிறகு, இப்போது படத்தில் இருப்பதுபோலவே, போர்க் காலம் தொடங்கலாம்.